பூசணிப் பந்தலுக்கு அடியில்

பூசணிப் பந்தலில் தேனீ கூடு வைத்த அன்றே குணவதிக்குத் தூக்கம் போய்விட்டது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து, மறுபடி தளிர்விட்டுப் பூத்திருந்த பங்குனி மாதம். தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எல்லார் வீட்டுப் பின்னாலும் மரவள்ளிதான். அவள் வீட்டுப் பின்னால் மட்டும் ஒரு பந்தல், அது நிறைய மஞ்சள் பூ. பந்தலுக்கு அடியில் ஒரு குழி. குழியின் மேல் பலகை. பலகைக்குக் கீழே அவள் புருஷன் அழகேசன்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது, மெர்போக் பக்கத்து அந்தத் தோட்டத்திலிருந்து முப்பத்தெட்டுப் பேர் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அழகேசன் கோலா கெத்திலுக்கு ஓடிவிட்டான் என்று சொல்லிவிட்டு, ஒன்பது மாதமாக அவனை மண்ணுக்குள் வைத்துச் சோறு போட்டாள் குணவதி. சோறு என்பது பேச்சுக்கு. அவித்த மரவள்ளியில் பெரிய துண்டெல்லாம் குழிக்குப் போகும். சட்டியில் ஒட்டியது அவளுக்கு. வாய் தவறிவிடுமோ என்ற பயத்தில், யாராவது சயாம் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

லயம் சீனியைப் பார்த்து இரண்டு வருடமாகியிருந்தது. தேன் என்றதும் ஆளாளுக்குக் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். கூட்டைக் கலைத்துவிடலாமென்று ஈர மட்டையைக் கொளுத்திப் புகை போட்டாள். தேனீக்கள் அசையவில்லை. புகைதான் குழிக்குள் இறங்கியது. பூமிக்குள்ளிருந்து இருமல் கிளம்பியது.

வேலியோரம் அடுத்த வீட்டு நவமணி நின்றிருந்தாள். குணவதி சட்டென்று தானும் இருமினாள். குழிக்குள் இருமல் நிற்கும்வரை இவளாலும் நிறுத்த முடியவில்லை.

"இது சயம்க்கா. தெரியுது," என்றாள் நவமணி.

குணவதியின் காதில் அது சயாம் என்று விழுந்தது. பலகையை மறைத்தாற்போல் அதன்மேலேயே சரிந்து உட்கார்ந்தாள். சயரோகம் முற்றிவிட்டது என்று நவமணி கங்காணி முனியாண்டியிடம் ஓடினாள்.

கங்காணி விசாரிக்க வந்தார். அவர் பின்பக்கம் போய்விடக் கூடாதே என்று இருப்பதிலேயே பெரிய பூசணியை அறுத்து வாசலிலேயே கொடுத்தாள். அவர் இருமலை மறந்தார். அதைக் கொண்டுபோய் ஜப்பானிய அதிகாரியிடம் காட்டினார். இப்படிக் காய்க்கிற கொல்லையை நானே பார்க்க வேண்டும் என்றுவிட்டான் அதிகாரி.

மறுநாள் காலையில் கங்காணியோடு வந்தும் விட்டான். கருவாடு விற்கும் நூர்தீன் பாய் அப்போதுதான் தஞ்சோங் டாவாயிலிருந்து சைக்கிளில் வந்து நின்றார். குழிக்குப் பலகை கொடுத்தவர் அவர்தான். விஷயம் தெரிந்த ஒரே வெளியாள். அவர் கண்ணெதிரேயே அதிகாரியின் பூட்ஸ் பலகைமேல் ஏறியது. பலகை முனகியது.

குணவதிக்கு வேறு வழி தெரியவில்லை. மண்வெட்டிப் பிடியால் கூட்டில் ஓங்கி ஒன்று போட்டாள்.

அதிகாரி தொப்பியை விட்டுவிட்டுக் காருக்கு ஓடினான். கார் புழுதியோடு மறைந்தது. கங்காணி வேட்டியைத் தலைமேல் இழுத்துக்கொண்டு குப்புறப் படுத்தார். மிச்சத் தேனீக்கள் பலகை இடுக்கைக் கண்டுபிடித்தன. பலகை எகிறி விழ, அழகேசன் அலறிக்கொண்டு மேலே வந்தான்.

குணவதி கங்காணியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. அவர சயாமுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க கங்காணி."

கங்காணி உதட்டிலிருந்து கொடுக்கைப் பிடுங்கியபடி அவளைப் பார்த்தார்.

"சயாமுக்கா? நம்ம தோட்டத்துல ஆள் எடுக்கறத நிறுத்தி மூணு மாசம் ஆகுதே. ஊருக்கே தெரியும்."

அவளுக்கு அழுகைதான் முதலில் வந்தது. எலும்பாகிப் போன கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? மூணு மாசமா வீணா மண்ணுக்குள்ள கெடந்திருக்கீங்க."

அழகேசன் வீங்கிய முகத்தைத் திருப்பிக்கொண்டு, எகிறி விழுந்த பலகையை எடுக்கப் போனான். நூர்தீன் பாய்தான், சைக்கிள் சாய்ந்து சிதறிய கருவாட்டைப் பொறுக்கியபடி பேசினார்.

"அவனுக்கு அப்பவே தெரியும்லா தங்கச்சி. நான்தான் வந்து சொன்னேன். 'மெதுவா பேசுங்க பாய், அவ காதுல விழுந்தா கையில மண்வெட்டியக் குடுத்துடுவா'ன்னான்."