செயற்கைக் காலின் பயன் அளக்கப்பட்ட விதம்

அரசாங்கம் எனக்கு ஒரு செயற்கைக் கால் கொடுத்தது. அதை வைத்துத் தையல் மிஷினை மிதித்து நன்றாகவே இருந்தேன். நன்றாக இருந்தால் போதாது, எவ்வளவு நன்றாக என்று அளந்தாக வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

பயன் அளவீட்டு அதிகாரி கடைக்கு வந்தார். நடக்கச் சொன்னார், நடந்தேன். மிதிக்கச் சொன்னார், மிதித்தேன். அவர் முகம் வாடிப்போனது. கால் கொடுப்பதற்கு முன்னால் என்னை அளக்க மறந்துவிட்டார்களாம். முன்பு எப்படி இருந்தேன் என்பது தெரியாமல் இப்போது எப்படி என்று எழுதினால் மேலிடம் ஏற்காதாம்.

"அதனால காலைக் கழட்டிக் குடுத்துடுங்க. கொஞ்ச நாள் முன்னாடி மாதிரியே இருங்க. அளந்துட்டுத் தந்துடறோம்."

ஜீப்பின் முன் இருக்கையில் என் கால் மரியாதையாகப் போனது. நான் கடையை இழுத்து மூடினேன். தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திருப்பி வாங்கி எதிர்க்கடையில் கொடுத்தார்கள். அதிகாரியின் முகத்தை அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன். இன்னும் அழிக்கவில்லை.

அளக்கக் கூப்பிட்ட அன்று மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அலுவலக மாடி ஏறினேன். எப்படி வந்தீர்கள் என்றார் அதிகாரி. இவள் தோளைப் பிடித்துத்தான் என்றேன். உடனே பேனாவைத் திறந்தார். படி ஏறுமா, மழையைத் தாங்குமா, தண்ணீர் எடுத்துத் தருமா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பழுது ஏதும் உண்டா என்றார்.

"ஒரு நாள்கூட வலிக்குதுன்னு சொன்னதில்ல, சார்." பெருமையாகத்தான் சொன்னேன்.

கூட்டிப் பார்த்தார். காலைவிட மனைவிக்கு மதிப்பெண் அதிகம். ஒரு பயனாளிக்கு ஒரு கருவிதான் என்பது விதி. ஆகவே கால் அரசுக்கே சேரும் என்று விளக்கி, நல்ல மனைவி அமைந்ததற்கு வாழ்த்தும் சொன்னார்.

"மிஷினை மிதிக்கணுமே, சார்?"

"அவங்க மிதிக்கட்டும்."

அதுவரை வாய் திறக்காத என் மனைவி, தோளில் இருந்த என் கையை எடுத்து மேசைமேல் ஊன்ற வைத்தாள். அங்கே இருந்த ஒரே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"கருவி ரிப்பேர்னு எழுதிக்கோங்க. ரெண்டு முட்டியும் போய் ரொம்ப நாளாச்சு. இவர் கேட்டதே இல்ல."

அதிகாரி என்னைப் பார்த்தார். கருவி பழுதானால் விதி என்ன சொல்கிறது என்று நான் கேட்டேன்.

கருவியின் பழுது நீங்கும்வரை தற்காலிகமாக என்று எழுதி, காலைத் திருப்பித் தந்தார். கடை திறந்தாகிவிட்டது. அவள் முட்டிக்கு டாக்டர் ஒரு தைலம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல தைலமாம், சீக்கிரமே குணம் தெரியுமாம்.

நான் இன்னும் வாங்கவில்லை.