கிழிக்காதே டீச்சர்

கீரமங்கலம் வட்டாரத்தில் யாரிடமாவது ஒரு பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்துப் பாருங்கள். உடனே பிரித்துவிட மாட்டார்கள். முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். பிறகு நகத்தால் செலோடேப்பின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, காது குத்திய குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் மெல்ல மெல்ல உரிப்பார்கள். ஒரு வட்டாரத்தையே இப்படி நடுங்க வைத்தவர் ஒரே ஒரு பெண்மணி. வருகைப் பதிவேட்டில் அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. அதைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தவில்லை. ஊருக்கு அவர் 'கிழிக்காதே டீச்சர்'.

கீரமங்கலத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தபோது அவர் அங்கே கணக்கு டீச்சர். ஒல்லியான உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, பக்கத்து வகுப்பில் இருப்பவர் கையிலுள்ள சாக்பீஸையும் நழுவ வைக்கும் குரல். மாதா கோயிலைச் சேர்ந்த பள்ளி என்பதால் அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள் கிறிஸ்துமஸ் விழா நடக்கும். அதற்கான அலங்காரம் டீச்சர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. திருப்பி வாங்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை என்பது மட்டும் தெரியும்.

கடையில் விற்கும் தோரணம், நட்சத்திரம் எதையும் அவர் பள்ளிக்குள் விடமாட்டார். எல்லாமே பரிசுப் பொருட்களைச் சுற்றித்தரும் வண்ணத்தாளில் செய்ததாக இருக்க வேண்டும். அந்தத் தாளுக்காக அவர் போகாத கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, புதுமனைப் புகுவிழா கிடையாது. மேடையில் பரிசு குவியும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

என் கல்யாண வரவேற்பிலும் உட்கார்ந்தார். என் மனைவியின் தாய்மாமன் இலுப்பூர்க்காரர், அவசரக்காரர். முதல் பொட்டலத்தை எடுத்து நடுவில் கட்டைவிரலை விட்டார்.

"கிழிக்காதே!"

பக்கத்தில் மைக் வேறு இருந்தது. கீபோர்டு வாசித்தவர் நிறுத்திவிட்டார். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு அப்படியே நின்றார். மாமாவின் கட்டைவிரல் தாளுக்குள் மாட்டியபடியே இருந்தது. என் மனைவி குனிந்து, எங்கள் இல்லற வாழ்வின் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"யாருங்க அது?"

"எங்க ஸ்கூல் டீச்சர்."

"நாளைக்கும் வருவாங்களா?"

எங்கள் கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. மாலையும் கழுத்துமாக நாங்கள் இருவரும், லாரி மேலே ஏற வருவதைப் பார்ப்பவர்கள்போல, இடப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

எங்கள் தலைமையாசிரியர் யாருக்கும் பயப்படாதவர். ஆய்வுக்கு வந்த அதிகாரியிடமே குரலை உயர்த்திப் பேசியவர். அவருடைய பிறந்தநாளுக்கு நாங்கள் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம். நீலப் பின்னணியில் வெள்ளி வளையங்கள் போட்ட தாள். டீச்சர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பிளேடு நுனியால் டேப்பை நெம்ப ஆரம்பித்தார். உள்ளே கடிகாரத்துக்கு பேட்டரி போட்டிருந்தார்கள்போல. அந்த அமைதியில் அது ஓடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அரைமணி நேரம் ஆனது. தலைமையாசிரியர் என் காதுக்குள் சொன்னார்: "சார், நான் பாத்ரூம் போயிட்டு வரலாமான்னு டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

டிசம்பர் பிறந்துவிட்டால், கடைசி மணி அடித்ததும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. சேர்த்து வைத்த தாள்களை ஒரு துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு வைத்திருப்பார். நாங்கள் அவற்றை விசிறிபோல மடித்து, நடுவில் நூல் கட்டி, இரண்டு பக்கமும் விரித்து ஒட்ட வேண்டும். அது ஒரு சக்கரம். அப்படி எட்டுச் சக்கரமும் எட்டு முனையும் சேர்ந்தால் ஒரு நட்சத்திரம். மைதாவில் கிண்டிய பசை. கரப்பான் அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலந்திருப்பார். அந்த வாசனை வந்தாலே எனக்கு இன்றும் கை தானாகப் பின்னால் போய்விடும். ஏனென்றால் ஒவ்வொரு மடிப்பையும் அவர் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளப்பார்.

ஒருமுறை நான் இரண்டு நாள் உட்கார்ந்து இருநூறு வளையம் கோர்த்த சங்கிலியைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"சார், இது என்ன பேப்பர்?"

"கரடி பொம்மை போட்டது டீச்சர்."

"கரடி எப்புடித் தொங்குது?"

"தலைகீழா தொங்குது டீச்சர்."

"விழா முடியிறதுக்குள்ள அதுக்கு ரத்தம் தலைக்கேறிரும். அவுத்துட்டு மொதல்லேர்ந்து கோருங்க."

கோர்த்தேன். வேறென்ன செய்வது?

ஒரு வருஷம் அவர் செய்த ஐந்தடி நட்சத்திரத்தைக் கோயில் முகப்பில் தொங்கவிட்டார்கள். பங்குத்தந்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு முனையிலும் தங்க எழுத்தில் 'விஷ் யூ ஹேப்பி மேரீட் லைஃப்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"டீச்சர், இதுல என்னமோ எழுதியிருக்கு..."

"நல்ல கெட்டிப் பேப்பரு ஃபாதர்."

ஃபாதர் கோயிலுக்குள் போய்விட்டார். அந்த வருஷம் இயேசு பாலகனுக்கு எங்கள் ஊர் இல்லற வாழ்த்துச் சொன்னது.

இதெல்லாம் இப்போது சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் அங்கே இருந்த கடைசி டிசம்பரை அப்படிச் சொல்ல முடியாது.

அந்த முறை பெரிய நட்சத்திரத்தைப் பள்ளி வாசலுக்கு நேரே, அந்தரத்தில் தொங்கவிட வேண்டும் என்றார் டீச்சர். கயிற்றின் ஒரு முனை பள்ளி மண்டபத்துக் கைப்பிடிச் சுவரில். மறுமுனை சத்துணவுக் கூடத்தை ஒட்டி நின்ற குட்டைத் தென்னையில். தென்னையில் ஏணியைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏறுங்க சார். ஒங்களுக்குத்தான் கை நீளம்."

"எனக்கு உசரம்னா தலை சுத்தும் டீச்சர்."

"கீழ பாக்காதீங்க, சுத்தாது."

கீழேயும் பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கைக்குத் தட்டுப்பட்ட மட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கினேன். அந்தக் காய்ந்த மட்டைக்குப் பின்னால் பானை அளவுக்கு ஒரு கூடு இருந்ததை நான் பார்க்கவில்லை.

விழா அன்று காலையிலிருந்தே கடல் பக்கமிருந்து காற்று. நட்சத்திரம் வெளியே குதித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் நூற்றுச் சொச்சம் பேர் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால், நாற்பது ஐம்பது தாள்களை ஒட்டி டீச்சர் செய்த பெரிய திரை பளபளத்தது. மூன்றாவது பாட்டு ஆரம்பிக்கும்போது வெளியே சமையல்காரர் செல்லம்மா அலறுவது கேட்டது.

"கதண்டு! கதண்டு கலைஞ்சிருச்சு! கதவச் சாத்துங்க!"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கதண்டு என்பது விஷ வண்டு. குளவியைவிடப் பெரிது. ஏழெட்டு சேர்ந்து கொட்டினால் ஆளையே சாய்த்துவிடும். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் ஓடாத ஆள் இல்லை. காற்றில் நட்சத்திரம் இழுத்த இழுப்பில் மட்டை அசைந்து கூடு உடைந்துவிட்டது.

செல்லம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து விழுந்தார். கதவைச் சாத்தினோம். மண்டபத்துக்கு ஆறு ஜன்னல். நான்குக்குக் கதவு இருந்தது. மேடைப் பக்கம் இருந்த இரண்டுக்குக் கம்பி மட்டும்தான். கதவைக் கரையான் தின்று வெகுநாளாயிற்று. அந்த வழியாக முதல் வண்டு உள்ளே வந்து மின்விசிறியைச் சுற்றியது. பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்தினார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

"சார்! திரையை எறக்குங்க! ஜன்னலை மூடணும்!" என்றது டீச்சரின் குரல்.

நானும் தலைமையாசிரியரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம்.

"கிழிக்காதீங்க! கிழிஞ்சா உள்ள வந்துரும்!"

அத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லின் நியாயம் எனக்குப் புரிந்தது அன்றுதான். திரையை இரண்டாக மடித்து ஜன்னல்கள்மேல் வைத்து, டீச்சர் பல்லால் டேப்பைக் கடித்துக் கடித்துக் கொடுக்க, ஓரம் முழுக்க ஒட்டினோம். மறுபுறத்தில் வண்டுகள் வந்து மோதின. டப், டப், டப் என்று ஆலங்கட்டி விழுவதுபோல. ஒவ்வொரு சத்தத்துக்கும் தாளிலிருந்த ரோஜாப்பூக்கள் அதிர்ந்தன. என் உள்ளங்கைக்கும் வண்டுகளுக்கும் நடுவே ஒரு தாள்தான். உள்ளே வந்த வண்டைத் தலைமையாசிரியர் பதிவேட்டால் அடித்துக் கீழே தள்ளினார்.

டீச்சர் பிள்ளைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அவர் முகம் மாறியது.

"ரோஸ்லின் எங்க?"

மூன்றாம் வகுப்புப் பிள்ளை. இறக்கை வைத்த சம்மனசாக, அதாவது தேவதூதராக, வேஷம் போட்டிருந்தாள். மேடையேறும் முன் கழிப்பறைக்குப் போனவள் திரும்பவில்லை. கழிப்பறை மைதானத்துக்கு அந்தக் கடைசியில், முப்பது தப்படி தூரத்தில்.

கயிறு கட்டியது என் கை. போக வேண்டியவன் நான். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது: என் கால் நகரவில்லை. டீச்சர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பிள்ளைகளை எழுப்பி ஒரு ஜமுக்காளத்தை உருவி, தலையோடு போர்த்திக்கொண்டு, "நான் தட்டுனா மட்டும் தொறங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கதவு தட்டப்பட்டது. திறந்தேன். ஜமுக்காளச் சுருள் ஒன்று உள்ளே வந்து விழுந்தது. அதற்குள்ளிருந்து ரோஸ்லின் எழுந்து நின்றாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பூப்போட்ட தாளில் செய்த இறக்கை மட்டும் நசுங்கியிருந்தது. முழுவதையும் பிள்ளைக்குச் சுற்றிவிட்டதால் டீச்சருக்குப் போர்த்த ஒன்றும் மிஞ்சவில்லை. கழுத்து, காது, இரண்டு கை என்று ஆறு இடத்தில் கொட்டியிருந்தது. சுவரில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தார்.

தீயணைப்பு வண்டி வந்தது. பின்னாலேயே ஆம்புலன்ஸ் வந்தது. ஆலங்குடி ஆஸ்பத்திரி வரை நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். முகம் வீங்கிக் கண் மறைந்திருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"பேசிக்கிட்டே வாங்க சார். நிறுத்துனா பயமா இருக்கு."

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒளிச்சேர்க்கையைச் சொல்ல ஆரம்பித்தேன். பச்சையம், சூரிய ஒளி, கரியமில வாயு என்று ஒப்பித்துக்கொண்டே போனேன். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து.

"ஏற்கெனவே சொல்லிட்டீங்க. அடுத்த பாடத்துக்குப் போங்க" என்றார்.

வடகாடு தாண்டியதும் அவரே பேசினார்.

"பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆயிருந்தா என்ன சார் பண்ணிருப்பேன்? கயித்த நான்தானே கட்டச் சொன்னேன்."

"கட்டுனது நான் டீச்சர்."

"ஆமா. கண்ண மூடிக்கிட்டுக் கட்டுனீங்க. கீழேருந்து பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் டீச்சர் எறங்கச் சொல்லல?"

டீச்சர் என் மணிக்கட்டை விட்டார். நான் பயந்து குனிந்து பார்த்தேன்.

"எனக்கும் ஏணின்னா பயம் சார். நீங்க எறங்கிட்டா நான்ல ஏறணும்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆம்புலன்ஸில் இருந்த பையன் என்னைத்தான் நோயாளி என்று நினைத்திருப்பான்.

ஊசிகள் போட்டு, இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆனது. அடுத்த கல்வியாண்டில் நான் மாற்றலாகித் திருச்சிப் பக்கம் வந்துவிட்டேன். டீச்சர் ஓய்வு பெற்று இப்போது அரிமளத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு போன் பண்ணுவார். திரையில் அவர் பெயரைப் பார்த்ததும் நான் எழுந்து நிற்பேன். என் மனைவி சிரிப்பாள்.

போன மாதம் இரண்டு ஞாயிறு போன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் மணி அடிக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு ஒன்பது மணிக்குமேல் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. பஸ் ஏறிப் புதுக்கோட்டையில் இறங்கி, வேறு பஸ் மாறி, அரிமளத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டும்வரை நான் நினைத்ததெல்லாம் எழுதக்கூடியவை அல்ல.

டீச்சரே கதவைத் திறந்தார்.

"என்ன சார், திடீர்னு இங்கிட்டு?"

"சும்மா... இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன் டீச்சர். ஒங்க போன்..."

"தண்ணி வாளிக்குள்ள விழுந்துருச்சு. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன். ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். உள்ளே போய் காபி கொண்டு வந்து நீட்டினார். டம்ளரை வாங்க நீட்டிய என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். டம்ளரை என் கையில் கொடுக்காமல் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார்.

"சூடா இருக்கு சார். ஆறட்டும்" என்றார்.