திங்கட்கிழமைக் குளியல் சங்கம்

அன்று ஞாயிற்றுக்கிழமை மாலை, தென்காசியில் அருமைநாயகம் வீட்டு முன்னறையில் கூடியிருந்தவர்கள் வருமாறு: சன்னலோரத்துக் கை வைத்த நாற்காலியில் தலைவர் அருமைநாயகம், கருவூலக் கண்காணிப்பாளர், ஓய்வு. சோபாவின் வலது முனையில் சுபேதார் சுடலைக்கண்ணு, ராணுவம், ஓய்வு. அதே சோபாவின் இடது முனையில், நடுவே ஒரு தலையணையை எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டு, இலஞ்சியிலிருந்து வந்திருந்த தலைமையாசிரியர் ஸ்டான்லி, ஓய்வு. பிளாஸ்டிக் நாற்காலியில் செயலாளர் ஹாஜரா பீவி, அருமைநாயகத்தின் கீழேயே தட்டச்சராக இருந்தவர், அவரும் ஓய்வு. சமையலறை நிலையில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக அருமைநாயகத்தின் மனைவி ஜாய். அவளுக்கு மட்டும் ஓய்வில்லை. வாசற்படியில், காபி டம்ளரோடு வேன் டிரைவர் இசக்கிமணி.

"போன திங்கக்கெழமை ஹெட்மாஸ்டருக்காக வண்டி அரை மணி நேரம் நின்னுச்சு," என்று ஆரம்பித்தார் சுபேதார். "பட்டாளத்துல இப்படி நின்னா எதிரி வந்து டீ குடிச்சிட்டுப் போயிருப்பான்."

"சாரல் நேரத்துல துண்டு காய வேண்டாமா ஓய்?" என்றார் ஸ்டான்லி.

"குளிக்கப் போற ஆளுக்கு ஈரத் துண்டு போதாதாக்கும்?"

அருமைநாயகம் கையை உயர்த்தினார். அறை அடங்கியது. அப்படி அடங்குவதைப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது. மனிதன் ஓய்வு பெற்றாலும் அவன் கைக்கு ஓய்வு கிடையாது போலும்.

இந்தச் சங்கம் பிறந்த கதையை ஊரில் அவர் சொல்லாத ஆள் இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தால் அவருக்கு வயிற்றைக் கலக்கும். காலையில் சர்ச்சில் பாடிய பாட்டெல்லாம் மாலையில் மறந்துபோகும். வெயில் சாயச் சாய, திங்கட்கிழமை ஒரு தணிக்கை அதிகாரியைப் போலப் படியேறி வரும். ஓய்வு பெற்ற முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, வயிறு கம்மென்று இருந்தது. அவர் தெருவில் இறங்கி நடந்து, பார்த்தவரிடமெல்லாம் அதைச் சொன்னார். பக்கத்து வீட்டு வங்கிக்கார பெலிக்ஸிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"தம்பி, இனிமே எனக்குத் திங்கக்கெழமையே கெடையாது."

"குடுத்து வச்சவரு சார் நீங்க," என்று பெருமூச்சு விட்டான் பெலிக்ஸ்.

மறுநாள் காலை குற்றாலத்துக்குப் போனார். சனி, ஞாயிறு வந்த கூட்டமெல்லாம் ஊருக்குப் போய்விட்டிருந்தது. பேரருவியில் வரிசையே இல்லை. பிடரியில் தண்ணீர் மடார் மடாரென்று அடிக்க, 'இந்நேரம் ஆபீசில் பெட்டகச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்' என்று நினைத்தார். அந்தச் சுகத்துக்கு ஈடாக ஒன்று அவர் வாழ்க்கையில் அதுவரை வாய்த்ததில்லை. அடுத்த வாரமே ஹாஜரா பீவி, "நாங்களும் வாரோம் சார்" என்றாள். சுபேதார் வந்தார். ஸ்டான்லி வந்தார். இசக்கிமணியின் வேன் வந்தது. சங்கம் என்று ஒன்று வந்தால் தலைவர் வேண்டாமா? அவரைத் தவிர யாருடைய பெயரும் எழவேயில்லை.

இப்போது பிரச்சினை ஸ்டான்லியின் தாமதம்.

"ஒரு வருகைப் பதிவேடு வச்சிருவோம் சார்," என்றாள் ஹாஜரா பீவி. "நான் கோடு போட்டுக் கொண்டாரேன்."

"நல்ல யோசனை," என்றார் அருமைநாயகம்.

மறுவாரம் பதிவேடு வந்தது. அதிகாலை இருட்டில், மடக்குக் குடையின் கீழ், வேன் விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்படியும் ஸ்டான்லி தாமதம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றிப் பேசக் கூட்டம்.

"நம்ம ஆபீஸ் மாதிரி, மூணு லேட்டுக்கு ஒரு லீவு கழிங்க சார்," என்றாள் பீவி.

"கழிக்கதுக்கு மொதல்ல லீவு இருக்கணும்லா?" என்று கேட்டார் ஸ்டான்லி.

"அதுவும் நியாயந்தான்," என்றார் தலைவர். "ஆளுக்குக் கொஞ்சம் லீவு ஒதுக்கீடு பண்ணுவோம். லீவு வேணும்னா ஞாயித்துக்கெழமை சாயங்காலத்துக்குள்ள எழுத்து மூலமா விண்ணப்பம் வரணும்."

"குளிக்காம இருக்கதுக்கு லீவா?" என்ற ஜாயின் குரல் சமையலறையிலிருந்து வந்தது. யாரும் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

"தலைவருக்கு எத்தன நாள் லீவு?" என்று கேட்டார் சுபேதார்.

அருமைநாயகம் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தலைவருக்கு லீவு கெடையாது."

கைதட்டல் ஓயச் சற்று நேரமானது. அன்றிரவு அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

சங்கத்தின் புகழ் பரவியது. கடையத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இரண்டு பேர் பார்வையாளர்களாக வந்து, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்கள். வியப்பில் வாயடைத்துவிட்டது என்று அருமைநாயகம் பெலிக்ஸிடம் சொன்னார். ஸ்டான்லி, முந்தைய வாரக் குளியல் பற்றி வாராவாரம் ஆய்வறிக்கை வாசிக்க வேண்டும் என்றார், ஏற்கப்பட்டது. சுபேதார், கிளம்பும் முன் ஆள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார், ஏற்கப்பட்டது. தலைவர் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, வேனுக்கு போன் செய்து, பதிவேட்டைத் திறந்து வைத்து, அறிக்கையில் கையெழுத்திட்டு, ஆட்களை எண்ணி ஏற்றிய பிறகே குளிக்கலாம் என்றானது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அருமைநாயகம் ஊஞ்சலில் சாய்ந்திருந்தார். வெயில் சாய்ந்தது.

வயிற்றைக் கலக்கியது.

"ஜாய், ஓமத் தண்ணி போடு. மத்தியானம் சாப்புட்ட கறி ஒத்துக்கலை."

"மத்தியானம் ரசமும் அப்பளமும்தானே சாப்புட்டீங்க?"

ஓமத் தண்ணீர் குடித்தார். கலக்கல் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. அது என்ன கலக்கல் என்று அவருக்குத் தெரியாதா? பழகிய கலக்கலாயிற்றே. ஆனால் யாரிடம் சொல்வது? தெருவே அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமையே கிடையாது என்று முழங்கிய வாயால், திங்கட்கிழமை வந்துவிட்டது, அதுவும் விடியும் முன்னே வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

மழையை நம்பினார். மலைமேல் பெய்து அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சன்னலில் நின்று மேகத்தைப் பார்த்தார். கர்த்தர் அவர் ஜெபத்தைக் கேட்டார்: பேரருவியில் தடை என்று செய்தி வந்தது. அவர் அன்று மாலைக் கூட்டத்துக்குச் சிரித்த முகத்தோடு வந்தார்.

"அதனால என்ன, ஐந்தருவி இருக்கு," என்றார் சுபேதார். "அங்கயும் தடைன்னா பழைய குத்தாலம். அருவி மாறலாம், கெழமை மாறக் கூடாது. என்ன அண்ணாச்சி சொல்லுதீக?"

எல்லோரும் தலைவர் முகத்தையே பார்த்தார்கள். தலைவர் முகம் விழுந்தது. ஆனால் கை தானாக உயர்ந்து, "தீர்மானமா எழுதிக்கிடுங்க" என்றது.

போன ஞாயிறு, முன்னறைச் சன்னலோரம் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மதில் சுவருக்கு அப்பாலிருந்து பெலிக்ஸ் எட்டிப் பார்த்தான்.

"என்ன சார், விசேசமா?"

"இல்ல தம்பி. நாளைக்குக் குளிக்கப் போறதுக்கு."

பெலிக்ஸ் அந்தச் சட்டையைப் பார்த்தான். "நான் கூடத் தேய்க்காமத்தான் சார் பேங்குக்குப் போறேன்," என்றான்.

அன்றுதான் அருமைநாயகம் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரே ஒரு திங்கட்கிழமை. விடிந்த பிறகு எழுந்து, பேப்பர் படித்து, யாரையும் எண்ணாமல் ஒரு காபி. அது போதும்.

இந்த ஞாயிறு கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெள்ளைத்தாளை எடுத்தார். இடப்பக்கம் அனுப்புநர், வலப்பக்கம் பெறுநர். பெறுநர் என்ற இடத்தில் பேனா நின்றது. தலைவருக்கு விடுப்பு தரவேண்டியவர் செயலாளர். செயலாளர் ஹாஜரா பீவி. ஆபீஸ் காலத்தில் அவள் எத்தனை திங்கட்கிழமைக்கு விடுப்பு கேட்டிருப்பாள், அத்தனைக்கும் குறுக்கே சிவப்பு மையில் 'வேலை மிகுதி' என்று எழுதியது இதே கைதான்.

ஆனாலும் எழுதினார். எழுத எழுதப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. 'பொருள்: தலைவர் – உடல்நலக் குறைவு – ஒரு நாள் தற்செயல் விடுப்பு வேண்டுதல் – தொடர்பாக. பார்வை: இல்லை.' மாற்று ஏற்பாடாக ஆள் எண்ணும் பொறுப்பைச் சுபேதாருக்கும், குடை பிடிக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியருக்கும் பிரித்துக் கொடுத்தார். படித்துப் பார்த்தார். ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பொய்க் காய்ச்சலுக்கு இப்படி ஒரு விண்ணப்பத்தை இந்த ஜில்லாவில் வேறு யாராலும் எழுத முடியாது என்று தோன்றியது.

"யாருக்கு லெட்டர்?" என்று ஜாய் கதவைத் திறந்தாள்.

"ஆபீஸ் விசயம்."

ஜாய் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

தாளை மூன்றாக மடித்துக் கவரில் போட்டு, ஓரத்தில் பசை தடவி, விரலால் நீவி ஒட்டினார். வாசலில் இசக்கிமணி மட்டும் இன்னும் கிளம்பாமல் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே இசக்கி, போற வழியில இத பீவி வீட்டுல குடுத்துரு."

"என்ன அண்ணாச்சி இது?"

"லீவு லெட்டர்." அருமைநாயகம் இருமிக் காட்டினார். காய்ச்சலுக்கு இருமல் பொருந்துமா என்று யோசிக்க நேரமில்லை. "நாளைக்கு என்னால வர முடியாது."

இசக்கிமணி கவரை இரண்டு கையாலும் வாங்கினான். சட்டைப் பையில் வைத்து, விழுந்துவிடாதபடி தட்டிப் பார்த்துக்கொண்டான். வேனைக் கிளப்பி, தெருவில் திருப்பி, சன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"இப்பவே குடுத்துருதேன் அண்ணாச்சி, ஆபீஸ் இல்லாம நீங்க ஒடைஞ்சு போயிருவீகன்னு மதினி வீடு வீடாப் போயி கேட்டுக்கிட்டதுக்காகத்தானே அவுக எல்லாரும் இத ஒரு ஆபீசா நடத்திக்கிட்டு வாராவ, ஞாயித்துக்கெழமை சாயங்காலமானா பாவம் அத்தன பேருக்கும் வயித்தக் கலக்குதாம்."