பூட்டியவரே திறக்க வேண்டும்

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, ஜெபதுரை ஒரு முடிவுக்கு வந்தார். மாடி அறை தனக்குத்தான்.

பகல் பதினொரு மணி என்பது ஊருக்கு. ஜெபதுரைக்கு அது நடுநிசி. ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் மின்பராமரிப்பு சூப்பர்வைசர். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் தூக்கம் வர வேண்டும். அதற்கு முன்னால் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடும். அது போனதும் பக்கத்து மனையில் டைல்ஸ் அறுப்பார்கள். அதுவும் ஓய்ந்தால், பெங்களூர் போகிற லாரி ஒன்று குறுக்கு வழி தேடி இந்தச் சந்துக்குள் வந்து மாட்டிக்கொள்ளும். அதைப் பின்னால் எடுக்கச் சொல்லித் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கத்துவார்கள். டிரைவருக்கு இந்தி மட்டும்தான் தெரியும்.

இத்தனை சத்தத்தையும் அமுக்க ஜெபதுரையிடம் இருந்த ஒரே ஆயுதம், கட்டில் தலைமாட்டில் நின்ற பழைய ஸ்டாண்டு ஃபேன். காற்றுக்காக அல்ல, அதன் கடகடப்புக்காக. இரண்டு கம்பளி, தலையில் குல்லாய், கழுத்தில் மப்ளர், எதிரே முழு வேகத்தில் ஃபேன். ஓசூர்க் குளிரில் இப்படிப் படுக்கிற இன்னொரு மனிதர் இருந்தால் அவரும் இரவு ஷிப்ட்காரராகத்தான் இருப்பார்.

மாடி அறை புதிதாகக் கட்டியது. தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கம் இருந்தது. வயரிங் முழுக்க ஜெபதுரையே செய்தார். ஒவ்வொரு கம்பியை இழுக்கும்போதும் அங்கே ஒரு கட்டிலைக் கற்பனை செய்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் மனைவி பவுலினா ஓர் ஓவனைக் கற்பனை செய்துகொண்டிருந்தாள்.

பவுலினா, பஸ் ஏறி எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய், கேக் செய்யக் கற்றுக்கொண்டவள். கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. பக்கத்து வீட்டு தாஹிரா தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சேர்த்துச் சொல்லி வைத்திருந்தாள். கரண்ட் ஓவன் ஒன்று ஹாலில் வந்து இறங்கி, டிவியை மறைத்துக்கொண்டு நின்றது. கிறிஸ்துமஸ் வரைக்கும் மாடி அறையில் வைத்துக்கொள்கிறேன் என்றாள் பவுலினா.

கிறிஸ்துமஸ் முடிந்தால் புத்தாண்டு. புத்தாண்டு முடிந்தால் பிறந்தநாள். பிறந்தநாள் ஊரில் தினமும் யாருக்காவது வரும். இது ஜெபதுரைக்குத் தெரியும். ஆனால் ‘முடியாது’ என்ற சொல்லை அந்த வீட்டில் அவர் சொல்லிப் பழகியதில்லை. ‘விதிமுறை’ என்ற சொல் நன்றாகப் பழக்கம்.

ஆகவே அவர் பூட்டை எடுத்தார்.

தொழிற்சாலையில் ஒரு மெஷினில் வேலை நடந்தால், அதன் சுவிட்சை இறக்கிச் சிவப்புப் பூட்டுப் போட்டு, ஓர் அட்டையைத் தொங்கவிடுவார்கள். அட்டையில் மூன்று விவரம். பூட்டியவர் யார், காரணம் என்ன, எப்போது முடியும். பூட்டியவரே திறக்க வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் வேறு யாரும் தொடக் கூடாது. இந்த முறையில் ஜெபதுரைக்கு இருந்த பக்தியில், தன் வீட்டு மீட்டர் பெட்டி பக்கத்திலும் அறைக்கு ஒரு மெயின் சுவிட்ச் வைத்து, ஒவ்வொன்றிலும் பூட்டு மாட்ட ஓட்டையும் விட்டிருந்தார். வந்துபோகிற உறவினர்கள் அதைப் பார்த்துவிட்டு, வீடா சப்ஸ்டேஷனா என்று கேட்பார்கள்.

மாடி சுவிட்ச் இறங்கியது. பூட்டு விழுந்தது. காரணம்: பரிசோதனை ஆகாத வயரிங். எப்போது முடியும்: பரிசோதனை முடியும்போது.

பவுலினா அட்டையைப் படித்தாள்.

“என்னங்க இது, கோர்ட்டுல சீல் வச்ச மாதிரி?”

“டெஸ்ட் பண்ணாத லைன்ல ஓவன் போடக் கூடாது. சேஃப்டி.”

“நீங்கதானே வயரிங் பண்ணீங்க. நீங்களே டெஸ்ட் பண்ணுங்க.”

“அதான் கூடாது. தான் செஞ்ச வேலைக்குத் தானே பாஸ் போடக் கூடாது. லைசென்ஸ் வச்சிருக்கிற வெளியாள் வந்து பார்க்கணும். அதுவரைக்கும் பூட்டு பூட்டுதான். உனக்குத் தெரியாததா? நீ இதுக்குப் பரிசு வாங்கினவளாச்சே.”

அது உண்மை. தொழிற்சாலையில் பாதுகாப்பு தினத்துக்குக் குடும்பத்தோடு அழைத்து வினாடி வினா வைத்தார்கள். பூட்டை யார் திறக்கலாம் என்று கேட்டபோது, இன்ஜினியர் வீட்டுப் பெண்களை எல்லாம் முந்திக்கொண்டு பவுலினா பதில் சொன்னாள். பரிசு, ஒரு சிவப்புப் பூட்டு, ஒற்றைச் சாவி. ஜெபதுரை வரும் வழியெல்லாம் சிரித்தார். இதை வைத்து எதைப் பூட்டப் போகிறாய், அரிசி டப்பாவையா என்று கேட்டார். பவுலினா அன்று பூட்டைப் பத்திரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இன்று அட்டையை இன்னொரு முறை படித்தாள். “ஆய்த்து ரீ” என்றாள்.

அதைக் கேட்டதும் ஜெபதுரை பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். பவுலினா எல்லையோரத் தளிப் பக்கத்துக்காரி, கன்னடத்துக்கு நடுவே வளர்ந்தவள். அவள் தமிழில் ‘சரிங்க’ என்றால் பேச்சு இன்னும் பாக்கி இருக்கிறது என்று பொருள். அதையே கன்னடத்தில் ‘ஆய்த்து ரீ’ என்றால் அவள் ஏதோ முடிவு செய்துவிட்டாள்.

ஜெபதுரை சும்மா இருக்கவில்லை. தெருவில் வயரிங் லைசென்ஸ் வைத்திருக்கிற ஒரே ஆள் தாஹிராவின் கணவர் அக்பர் பாஷா. அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

“பாய், எங்க வீட்டுல வயரிங் பார்க்கக் கூப்பிட்டா, ஜனவரியிலதான் டைம்னு சொல்லிடுங்க.”

“ஏன் சார், வயரிங்ல ஏதாவது கோளாறா?”

“கோளாறு எதுவும் இல்ல பாய். அதான் பிரச்சினை.”

அக்பர் பாஷாவும் கல்யாணமானவர். மேற்கொண்டு கேட்கவில்லை. யார் கேட்டாலும் ஜனவரி என்று வாக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் ஜெபதுரைக்குத் தூக்கம் வரவில்லை. பவுலினா திராட்சையையும் முந்திரியையும் பேரீச்சையையும் நறுக்கிப் பழச்சாற்றில் ஊறப்போட்டாள். நடக்காத கேக்குக்கு யாராவது பழம் ஊற வைப்பார்களா? அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் பூட்டைப் போய்ப் பார்த்தார். இருந்தது. படுத்தார். எழுந்து போய் மறுபடி பார்த்தார். அப்போதும் இருந்தது. காவல்காரன் வேலைக்குப் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் தூங்கியிருக்கலாம்.

டிசம்பர் முதல் ஞாயிறு, சர்ச்சிலிருந்து திரும்பினால், வாசலில் அக்பர் பாஷா நின்றுகொண்டிருந்தார். கையில் மெகர் பெட்டி. வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கிற மீட்டர் அது. பின்னால் தாஹிரா. அக்பர் பாஷா ஜெபதுரையின் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

“ஜனவரின்னு சொன்னீங்களே பாய்.”

“நான் ஜனவரின்னுதான் சார் சொன்னேன். வீட்டுல டிசம்பர்னு சொல்லிட்டாங்க.”

மாடியில் சோதனை நடந்தது. மெகர் முள் நல்ல பக்கம் போய் நின்றது. கசிந்தால் கரண்டைத் துண்டிக்கிற ட்ரிப்பரின் பட்டனை அழுத்தினார், பட்டென்று விழுந்தது. எர்த்தை அளந்துவிட்டு அக்பர் பாஷா தலையை ஆட்டினார். இந்தத் தெருவில் இப்படி ஒரு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை என்றார். ஜெபதுரைக்குத் தன்னை அறியாமல் நெஞ்சு நிமிர்ந்தது. எதற்கு நிமிர்கிறோம் என்று நினைவு வந்ததும் இறங்கியது.

பூட்டியவரே திறந்தார்.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு அறையோடு போயிருக்கும். பவுலினா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“வந்ததே வந்தீங்க அண்ணா, கீழேயும் ஒரு பார்வை பார்த்துடுங்க.”

கீழே எதற்கு, எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது என்று ஜெபதுரை குறுக்கே பாய்ந்தார்.

“வெளியாள் சொல்லட்டுங்க. நீங்க செஞ்ச வேலைக்கு நீங்களே பாஸ் போடக் கூடாதில்ல?”

ஹால் தேறியது. சமையலறை தேறியது. படுக்கையறையில் மெகர் முள் மயக்கம் போட்டு விழுந்தது. அக்பர் பாஷா கட்டிலை நகர்த்தினார். பின்னால் ஒரு வயர், வழியெல்லாம் கறுப்பு டேப், எர்த்தே இல்லாமல், நேராக ஸ்டாண்டு ஃபேனுக்குப் போனது. ஃபேனைப் போட்டுவிட்டு அதன் இரும்புக் காலில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்தது.

“சார், இது யாரு போட்டது?”

“தற்காலிக லைன் பாய்.”

“பொண்ணு ஜாஸ்லின் மூணாவது படிக்கறப்போ போட்டது” என்றாள் பவுலினா. “அவ இப்போ காலேஜ் முடிக்கப் போறா.” பிறகு அவள் குரல் இறங்கியது. “தரை துடைக்கிறப்போ விரல்ல சுருக்குனு இழுக்குதுன்னு எத்தனை தடவை சொன்னேன். குளிருக்கு மரத்துப் போயிருக்கும்னீங்க. தூக்கத்துல நீங்க கையை நீட்டி அதைத் தொடுவீங்களோன்னு தினமும் பகல்ல வந்து வந்து பார்த்துட்டுப் போறேன்.”

ஜெபதுரை அந்தக் கறுப்பு டேப்பையே பார்த்தார். தொழிற்சாலையில் இப்படி ஒரு வயரைப் பார்த்தால் போட்டவனை அவர் வாசலோடு அனுப்பிவிடுவார்.

அக்பர் பாஷா படுக்கையறை சுவிட்சை இறக்கினார். பவுலினா சமையலறைக்குப் போய், அரிசி டப்பாவுக்குள்ளிருந்து சிவப்புப் பூட்டை எடுத்துவந்து மாட்டினாள். அட்டையும் மாட்டினாள். பூட்டியவர்: பவுலினா. காரணம்: ஆபத்தான வயர். கீழே தேதி. ஜெபதுரை குனிந்து பார்த்தார். அவர் மாடியைப் பூட்டினாரே, அந்தச் சனிக்கிழமையின் தேதி; அட்டையை அவள் அன்றே எழுதி வைத்திருக்கிறாள்.

“நாளைக்கே நான் மாத்திடறேன்” என்றார்.

“மாத்துங்க. ஆனா பார்த்துட்டுப் பாஸ் போட பாய் அண்ணாதான் வரணும்.”

ஜெபதுரை நம்பிக்கையோடு திரும்பினார். அக்பர் பாஷா மெகர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

“ஜனவரியிலதான் சார் டைம். நீங்க சொன்னீங்களேன்னு எல்லாருக்கும் அப்படியே சொல்லி வச்சிட்டேன்.”

திங்கள்கிழமை காலை, இரவு ஷிப்ட் முடிந்து வந்தார். ஃபேன் இல்லாத படுக்கையறையில் குப்பை வண்டியின் பாட்டு முழுதாகக் கேட்டது. டைல்ஸ் அறுக்கத் தொடங்கினார்கள். தலையணையையும் பாயையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

அங்கே கதகதப்பாக இருந்தது. ஏலக்காய் மணத்தது. தெருச் சத்தம் துளியும் இல்லை. ஓவனுக்குள் ஓடுகிற ஃபேன் ஒரே சுருதியில் ரீங்கரித்தது, பழைய ஃபேனைவிட ஆயிரம் மடங்கு இதமாக. ஜெபதுரை பாயை விரித்தார். இத்தனை வருடத்தில் வராத தூக்கம் கால் விரலிலிருந்து மெல்ல ஏறி வந்தது. தோற்றதில்கூட ஒரு லாபம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பவுலினா வந்து கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டாள். தலைமாட்டில் ஒரு டைமர் மணியை முறுக்கி வைத்தாள்.

“நல்லா தூங்குங்க, பாவம். இது அடிச்சா மட்டும் எழுந்து ட்ரேயைத் திருப்பி வச்சிடுங்க. நான் கீழே அடுத்ததுக்கு மாவு கலக்குறேன்.”

அவள் இறங்கிப் போன பிறகுதான் ஓவன் கைப்பிடியில் தொங்கிய அட்டை அவர் கண்ணில் பட்டது. பொறுப்பாளர்: ஜெபதுரை. காரணம்: கேக். எப்போது முடியும் என்ற இடத்தில் மட்டும் அவள் எதுவும் எழுதியிருக்கவில்லை.