ரோமாபுரி பஸ்ஸைத் தட்டிய மனிதர்

இந்த உலகத்தில் காலி இடம் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் 'உள்ளபோங்க' அண்ணன்தான். வத்தேகமையிலிருந்து கண்டிக்கு ஓடும் பஸ் ஒன்றில் முப்பது வருடம் கொண்டக்டராக இருந்தவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை எனக்கு. பத்து வருடம் அவருடைய பஸ்ஸில்தான் போய்வந்தேன். போய்வந்தேன் என்பதுகூடப் பொய், அடைக்கப்பட்டேன். ஒருநாள் என் ஒரு கால் பஸ்ஸிலும் மற்றக் கால் இன்னொருவர் சப்பாத்தின் மேலும் இருந்தது. என் பையை யாரோ ஒரு டீச்சர் மடியில் வைத்திருந்தார். அந்த நிலையில் அண்ணன் என்னைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் மூச்ச உள்ள இழுங்க, ரெண்டு பேரு வரட்டும்" என்றார். இழுத்தேன். மூன்று பேர் வந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு இறங்கிப் போயிருப்பேன், ஆனால் இறங்கவும் வழியில்லை.

ஆள் ஏறி முடிந்ததும் பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் போகலாம், ஒரு தட்டு என்றால் நிறுத்து. டிரைவருக்குக் கண்ணாடியே தேவையில்லை, அந்தக் கை போதும்.

ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. ஞாயிறு பூசைக்கு முதல் ஆளாகப் போய் நின்று, ஐந்து பேர் உட்காரும் வாங்கில் எட்டுப் பேரை ஏற்றினார். முழங்காலில் நிற்கச் சொன்னபோது ஒருவராலும் நிற்க முடியவில்லை. ஒரு மரண வீட்டில் வந்த சனத்தை எல்லாம் உள்ளே அனுப்பி அனுப்பி, கடைசியில் செத்தவரின் சொந்தத் தம்பி ஜன்னல் வழியாக அழ வேண்டியதாகிவிட்டது. சாமியார் கூப்பிட்டுச் சொல்லியும் பார்த்தார். மனுசன் கேட்டால்தானே!

இப்படிப்பட்டவரைத்தான் போன மாதம் ரோமாபுரிக்கு அனுப்பிவைத்தார்கள்.

அவருடைய ஒரே மகள் ஜெசி அங்கே ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். போய் ஆறு வருடம், ஒருமுறைகூட வரவில்லை. ஞாயிறு தவறாமல் வீடியோ கோல் எடுத்து, நல்லா இருக்கேன் என்பாள். அவள் அம்மா மேரி அக்காவுக்கு அந்தப் பேச்சில் கொஞ்சமும் நம்பிக்கையில்லை. ஆறு வருடமாக ஒரே ராகத்தில் சொல்கிறாளே, ஒருநாளாவது தலையிடி என்று சொல்ல வேண்டாமா என்று என்னிடமே புலம்பியிருக்கிறார். மூன்று கிழமைக்கு விசா கிடைத்ததும் புருசனுக்கு அவர் இட்ட கட்டளை ஒன்றே ஒன்று.

"நீங்க ஊரு பாக்கப் போகல. புள்ள நல்லா இருக்காளா இல்லையா, அத மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

திரும்பி வந்த மறுநாள் நான் போனபோது வீடு நிறைய அக்கம்பக்கத்துச் சனம். மேரி அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, ஜெசி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். வரிசையாகச் சொல்கிறேன், அவசரப்படாதே என்று அண்ணன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் நகரம். பெரிய நகரம்தான், ஆனால் பாதி இடிந்து கிடக்கிறதாம். ஆயிரம் வருடமாக ஒருவரும் ஒரு மேசனைக் கூப்பிடவில்லையாம். ஆறு ஒன்று ஓடுகிறதாம், பேராதனைப் பாலத்தில் நின்று மகாவலியைப் பார்த்தவனுக்கு அது வாய்க்கால்தானாம். கோப்பியை மருந்து மாதிரி ஒரு மிடறு தருகிறார்களாம், அதையும் நின்றுகொண்டே குடிக்கிறார்களாம். பாப்பரசரின் கோயில் முன்னால் உள்ள முற்றத்தைச் சொல்லும்போது இரண்டு கையையும் மேலே தூக்கினார். பக்தியாக்கும் என்று நினைத்தேன்.

"ஆளுக்கு ஆளு எடவெளி விட்டு நிக்கிறானுங்க தம்பி. என்கிட்ட குடுத்திருந்தா இன்னும் ஒரு லச்சம் பேர ஏத்தியிருப்பேன்."

மேரி அக்கா மறுபடியும் ஜெசியைக் கேட்டார். வருகிறேன் வருகிறேன் என்று அண்ணன் பஸ் கதைக்குப் போனார்.

தினமும் பின்னேரம் ஜெசிக்கு இரண்டு மணித்தியாலம் ஓய்வு. முதல் நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறப் போயிருக்கிறாள். பஸ் வந்தது. கொண்டக்டரே இல்லை! கதவு தானாகத் திறக்கிறது, உள்ளே வெறும் பன்னிரண்டு பேர். அண்ணனுக்கு நெஞ்சே பதறிவிட்டது. வாசலில் நின்று, வெள்ளைக்கார அம்மாமார், கன்னியாஸ்திரிகள், கமராவோடு வந்த சீனாக்காரர்கள் என்று ஒருவர் விடாமல் தமிழிலும் சிங்களத்திலும் உள்ளே அனுப்பினார். எல்லாரும் போனார்களாம். அந்தக் குரலுக்கு எந்தப் பாஷைக்காரனும் போவான், எனக்குத் தெரியாதா? மகளையும் ஏற்றிவிட்டு, தானும் ஒரு காலை உள்ளே வைத்து, பஸ்ஸின் பக்கத்தில் பட் பட் என்று இரண்டு தட்டு.

டிரைவர் பஸ்ஸில் யாரோ மோதிவிட்டார்கள் என்று பயந்து எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தான். குனிந்து டயருக்கு அடியில் பார்த்தான். பயணிகளும் இறங்கிக் குனிந்து பார்த்தார்கள். கன்னியாஸ்திரிகள் செபிக்கத் தொடங்கிவிட்டார்கள். அண்ணனும் சேர்ந்து குனிந்து பார்த்தாராம், என்னதான் விழுந்திருக்கிறது என்று.

எங்களுக்கு வயிறு வலிக்கும் அளவுக்குச் சிரிப்பு. மேரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. புள்ளைக்கு வெட்கமாகப் போயிருக்குமே என்றார்.

"இல்ல மேரி, சிரிச்சா. ரோட்டோரத்துல குந்திக்கிட்டு வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சிக்கிட்டே இருந்தவ அழுதுட்டா. 'அப்பா, நான் சிரிச்சே எவ்வளவு காலம்னு தெரியலப்பா'ன்னா."

அதற்குப் பிறகு அண்ணன் ஊர் பார்க்கவென்று போகவில்லை. மிச்ச நாள் எல்லாம் ஜெசியைக் கூட்டிக்கொண்டு, அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று நாளுக்கு ஒரு பாதையில், பஸ் பஸ்ஸாகத் தட்டியிருக்கிறார். இரண்டு முறை ஏச்சு, ஒருமுறை பொலிஸ். கடைசி நாள், முதல் நாள் பஸ்ஸின் அதே டிரைவர் மாட்டினானாம். இவரைக் கண்டதும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தானே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு பஸ்ஸை எடுத்தானாம்.

மேரி அக்கா கேத்தலைக் கீழே வைத்தார்.

"அப்ப புள்ள நல்லா இருக்காளா, இல்லையா?"

அண்ணன் கதிரையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நல்லா இல்ல மேரி. தனியா கெடக்குறா. நான் இருந்த மூணு கிழமதான் நல்லா இருந்தா."

மேரி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் திரும்பப் போங்கள், அவளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள் என்றார். புதிய விசாப் படிவத்தைப் போன கிழமை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டிருந்தது. மகளைப் பார்க்க என்று எழுதினேன். சிரிக்கவைக்க என்று எழுதத்தான் எனக்கு ஆசை. இத்தனை வருடம் என் விலாவை நசுக்கிய மனுசன்தான், ஆனாலும் அவருக்கு மட்டும் விசா கிடைக்காமல் போய்விட்டால் நான் தாங்கமாட்டேன்.