ஆடியில் அளந்த காற்று

படித்தவர்கள் முதலில் முடிவெடுத்துவிட்டு, பிறகுதான் ஆராய்ச்சியைத் தொடங்குவார்கள். நான் பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன். என் ஆராய்ச்சிக்கு அதைவிட மட்டமான காரணம் இருந்தது. எழுபதைத் தாண்டிய பிறகு ஒளித்து என்ன பயன்? நான் காற்றை அளந்தது என் மனைவியைப் பார்க்கத்தான்.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். கல்யாணமாகி வந்த முதல் ஆடியில், வழக்கப்படி மாமனார் வந்து என் மனைவி வசந்தாவை வேப்பந்தட்டைக்கு அழைத்துப் போய்விட்டார். ஆடி முடியும்வரை புது மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. (ஆடி முதல் தேதி விருந்துக்கு அழைப்பார்கள். அது அன்றோடு சரி.) மீதி நாட்களுக்கு எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

மாமனார் வீடு ஊருக்கு வெளியே, கடலைக் கொல்லைக்கு நடுவில் இருந்தது. கரண்டு கிடையாது. வீட்டுக்கென்று ஒரு காற்றாலை வைத்தால் விளக்கு எரியுமா என்று அளந்து பார்க்க வருவதாக அவருக்கு ஒரு கார்டு போட்டேன். மருமகன் விஞ்ஞானத்துக்காக வந்தால் தடுக்கச் சாஸ்திரத்தில் இடமில்லையே.

நான்கு கொட்டாங்குச்சிகளை ஒரு சைக்கிள் ஹப்பில் பொருத்தி, கழியில் கட்டி நிறுத்தினேன். பள்ளி விட்டதும் பஸ் பிடித்துப் போய், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுவேன். வசந்தா மோர் கொண்டு வருவாள். எண்ணிக்கை தவறும். மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவேன். இப்படி மிகக் கவனமாக நடந்த ஆராய்ச்சி அது.

ஆடிக் காற்றில் கொட்டாங்குச்சிகள் பிய்த்துக்கொண்டு சுற்றின. கிராப் தாளில் கோடு இறங்க மறுத்தது. வசந்தாதான் ஒருநாள் மெதுவாக, "ஆடி போனா காத்தும் போயிடும்ங்க. ஆவணியிலயும் ஒருதரம் பாத்துட்டு சொல்லலாம்ல?" என்றாள். ஆவணியில் அவளே பெரம்பலூருக்கு வந்துவிடுவாள். அப்புறம் எனக்கு எதற்குக் காற்று? அதைச் சொல்ல வெட்கப்பட்டு, அளந்தவரை போதும் என்று விளக்கினேன்.

அதே வாரம் லைன்மேன் வந்தார். ரோட்டோரம் கம்பம் நட்டுக்கொண்டு போகிறார்களாம். இப்போது கையெழுத்துப் போட்டால் கொல்லைக்குள்ளும் லைன் இழுத்துவிடலாம். விட்டால் மறுபடி எப்போது வருவார்களோ தெரியாது என்றார். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"படிச்சவரு, நீங்களே சொல்லுங்க மாப்ள. போடவா, வேணாமா?"

நான் கிராப் தாளை விரித்தேன். காற்று இருக்கும்போது கம்பம் எதற்கு என்றேன். (ஒரு பேட்டரியாவது வேண்டாமா என்று லைன்மேன் கேட்டார். காற்று நின்றால்தானே பேட்டரி என்று அவருக்கும் பாடம் எடுத்தேன்.) அவர் மோரைக் குடித்துவிட்டுப் போனார். கம்பங்களும் அவர் பின்னாலேயே போய்விட்டன.

ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது அல்லவா? சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றிலிருந்து கழற்றிய டைனமோ அரியலூரிலிருந்து வந்து கிடந்தது. ஆசாரி இழைத்த மூன்று இறக்கைகளும் தயார். இருந்தும் ஆவணி முதல் முகூர்த்தம்வரை காத்திருந்து, தேங்காய் உடைத்து மாட்டினோம். இறக்கைகள் அசையவில்லை. ஒரு காக்கை வந்து அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்தது.

இத்தோடு நின்றிருந்தால் வெறும் முட்டாள்தனம் என்று விட்டிருக்கலாம். வசந்தாவின் தங்கை செல்விக்கு அரியலூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து செல்வி தானாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கரண்டு உண்டா என்று அவர்கள் தரகரிடம் விசாரித்தபோது, இறக்கை மாட்டும் முன்பே என் கிராப்பை நம்பி உண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார் மாமனார்.

பெண் பார்க்க வந்தவர்கள் பஸ் தாமதத்தால் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ஒரு இலைகூட ஆடவில்லை. நான் பின்பக்கமாக ஏணியில் ஏறி, இறக்கையைக் கையால் சுற்ற ஆரம்பித்தேன். உள்ளே பல்பு லேசாகச் சிவந்தது. நான் ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்தது. பையனின் அம்மா கேட்டது ஏணிமேல் நின்ற என் காதிலும் விழுந்தது.

"ஏங்க, ஒங்க வூட்டு லைட்டு ஏன் இப்புடி மூச்சு வாங்குது?"

பையன் வெளியே வந்து ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"நீங்கதான் காத்துங்களா சார்?"

அளந்து பார்த்துத்தான் வைத்தோம் என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

"எந்த மாசம் அளந்தீங்க?"

"ஆடி."

அவன் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவனுக்கு நன்றி சொல்கிறேன். அவன் அம்மாவும் சிரிக்கவில்லை; காபியையும் தொடவில்லை. "வெளக்குலயே பொய் சொல்றவங்க நாளைக்கி எதுலதான் சொல்ல மாட்டாங்க? கெளம்புடா," என்றாள்.

மாமனார் பொய் சொல்லவில்லை, என்னை நம்பினார். நான் இறங்கி வந்து, தப்பு என்னுடையது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். இறங்கவில்லை. அவர்கள் ரோட்டை எட்டும்வரை இறக்கையைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றேன்.

வரன் போயிற்று. கம்பம் மறுபடி வர நான்கு வருடம் ஆனது. அதுவரை வந்த வரன்களுக்கெல்லாம் எங்கள் விளக்கின் கதை முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தது. செல்விக்கு அதற்குப் பிறகுதான் துறையூரில் இடம் அமைந்தது. மாமனார் கடைசிவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

செல்விக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவள் வீட்டில் கரண்டு போனால் முதல் போன் எனக்குத்தான் வரும். குடும்பமே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கேட்பாள்:

"மாமா, எறங்கிட்டீங்களா? இன்னும் மேலதான் நிக்கிறீங்களா?"

அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "இன்னும் எறங்கலம்மா" என்பேன்.