அசையாத அடைப்பு

யாரைப் பார்த்தாலும் வாயைத் திறந்து காட்டுகிற இனம் ஒன்று நம்மிடையே உலவுகிறது. பல் டாக்டரிடம் மட்டும் திறக்காது. கடைவாய்ப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு வைத்திருப்பவர்கள்தான் இந்த இனம். வெள்ளியும் பாதரசமும் இன்னும் சில உலோகங்களும் கலந்த அந்த அடைப்பு, புதிதில் பளபளக்கும், பிறகு துருவேறிய ஆணி மாதிரி கறுத்துக் கிடக்கும். ஆனால் உழைக்கும். அப்படி உழைக்கும்.

நம்மவர் லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்பு மேற்பார்வையாளர். கல்யாணத்துக்கு முன்னால் அடைத்த பல். அதற்கப்புறம் வீடு மாறினார், வேலை மாறினார், முடி போயிற்று, மூக்குக் கண்ணாடி வந்தது, மகளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளையும் வந்தார். அடைப்பு மட்டும் போட்டது போட்டபடி. ஏதோ தானே உட்கார்ந்து செய்து வைத்தது போல் அவருக்குப் பெருமை. அடைத்த டாக்டரின் பெயர்கூட மறந்துவிட்டது.

ஆபீஸில் யாராவது பல் நிறத்திலேயே அடைத்துக்கொண்டு வந்துவிட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"வெள்ளையா வச்சாங்களா? பாக்க நல்லாத்தான் இருக்கும். என்னுதைப் பாரு."

"சார், சாப்பிட்டுட்டிருக்கேன்."

"சாப்பிடு, யாரு வேணாங்கறா? கடைசிப் பல்லு, தெரியுதா?"

தெரிகிறது என்று சொல்லும்வரை வாய் மூடாது. சொன்னாலும் விட மாட்டார். கிளாஸிலிருந்து ஐஸ் கட்டி ஒன்றை எடுத்து, அந்தப் பல்லுக்கே கொண்டுபோய், நறுக்கென்று கடித்துக் காட்டுவார். வேறெந்தப் பல்லுக்கும் அந்த கௌரவம் கிடையாது.

ஊரார் லிஃப்டில் லேசாகச் சத்தம் வந்தாலே உடனே கூப்பிடச் சொல்லிக் கண்டிக்கிற இந்த மனிதருக்கு, சில நாளாகக் கடிக்கும்போது அந்தப் பல்லில் சுருக்கென்றது. என்ன செய்தார்? மறுபக்கம் மென்றார்.

"என்னங்க, ஒரு பக்கமாவே மெல்லுறீங்க?" என்றாள் மனைவி.

"அந்தப் பக்கத்துக்கு ரெஸ்ட் குடுத்திருக்கேன்."

"ரெஸ்ட்டா, வலியா? போய்க் காட்டுங்க. பல்லைக் காப்பாத்த முடிஞ்சா காப்பாத்தட்டும்."

"போனா நல்லா இருக்கிற அடைப்பைத் தோண்டிட்டு வெள்ளையை வச்சிருவாங்கம்மா. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

பல்லுக்காகத்தான் அடைப்பு என்பதை மறந்து, அடைப்புக்காகத்தான் பல் என்று நினைக்கத் தொடங்கும் இடம் இருக்கிறதே, அங்கேதான் இந்த இனம் முழு வளர்ச்சி அடைகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சாப்பிட வந்தார். "மாமா, அது இன்னுமா தாங்குது?" என்று பேச்சுக்குக் கேட்டார். கேட்கலாமா? ஐஸ் கட்டி வந்தது. கடித்தார். கேட்ட சத்தம் ஐஸ் உடைந்த சத்தமில்லை என்று மேஜையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது.

டாக்டர் சின்னப் பெண். நாற்காலியில் சாய்ந்ததும் நம்மவர் கேட்ட முதல் கேள்வி: "அடைப்பு நல்லா இருக்கா டாக்டர்?"

"அடைப்புக்கு ஒண்ணும் ஆகல சார். சுத்தி இருந்த பல்லுதான் வேர் வரைக்கும் பிளந்திருச்சு."

"மேல கேப் போட்டு…"

"லேசா வலிச்சப்பவே வந்திருந்தா போட்டிருக்கலாம். இப்ப எடுத்துத்தான் ஆகணும்."

எடுத்தாயிற்று. இரண்டாய்ப் பிளந்த பல்லின் ஒரு பாதியைக் கெட்டியாகப் பிடித்தபடி தட்டில் கிடந்தது அடைப்பு. பார்த்ததும் அவர் கண் கலங்கியது. வலி போலிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதினார்.

அடைப்பைக் கேட்டு வாங்கிக் கையில் பொத்திக்கொண்டு வெளியே வந்ததும், வாயில் பஞ்சோடு, கூட வந்த மனைவியிடம், "ஒரு அசைவு இல்ல, பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். இனிமே எல்லாருக்கும் வாயைத் தொறக்க வேணாம், கையிலயே காட்டலாம்."

"சிரிக்க வைக்காத, வலிக்குது. அடைப்பைக் காப்பாத்தப் பல்லைக் குடுத்த மடையன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

ஒருத்தர்தானா? இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் நாக்கு மெல்லப் பின்னால் போய், ஒரு பல்லைத் தடவி, 'நம்முது கெட்டியாத்தான் இருக்கு' என்று திரும்பி வந்ததே, அதை யாரும் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?